சரசுவின் பக்கம்

ஷாயிஸ்தாவின் வேலை என்னவென்று அஸ்தினாபுரத்தில் அவள் குடியிருந்த தெருவில் யாருக்கும் சரியாகத் தெரியாது. கம்ப்யூட்டர் வேலை என்று பொதுவாகச் சொல்லிக்கொள்வார்கள். கணவன் மொஹ்சினே, யாராவது கேட்டால், கூகுளில் பெயர் மேலே வருகிற மாதிரி ஏதோ செய்வார்கள் என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவான். அதுதான் வேலையும். மேற்குத் தாம்பரம் முடிச்சூர் ரோட்டில், கட்டில் பீரோ விற்கும் கடைக்கு மேல்மாடியில் உட்கார்ந்துகொண்டு, அவள் கண்ணால் பார்த்திராத அமெரிக்க ஊர்களில் வீட்டுக் கடன் கொடுக்கும் கம்பெனிகளைக் கூகுளின் முதல் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவாள். ஒகையோவில் ஒருவன் தூக்கம் வராமல் எழுந்து கடனைப் பற்றி நாலு வார்த்தை தட்டினால், அவன் கண்ணில் முதலில் எந்தக் கம்பெனி படும் என்பது முடிச்சூர் ரோட்டில் முடிவாகிக்கொண்டிருந்தது.

அவளுக்கு அந்த வேலை நன்றாக வந்தது. மற்றவர்கள் கம்பெனிக்காரன் எழுதித் தந்த வார்த்தைகளையே பிடித்துக்கொண்டு தொங்குவார்கள். அவள் மட்டும், கஷ்டத்தில் இருக்கிறவன் எப்படிக் கேட்பான் என்று யோசிப்பாள். குறைந்த வட்டியில் மறுகடன் என்று எவனும் தட்டமாட்டான், வீடு ஏலத்துக்குப் போகாமல் இருக்க என்ன செய்வது என்றுதான் தட்டுவான் என்பாள். முதலாளி வெற்றிவேல் இதையெல்லாம் வாடிக்கையாளர்களிடம் தன் யோசனை போலச் சொல்வார். அதில் அவளுக்கு வருத்தமில்லை. சம்பளம் தவறாமல் வந்தது.

காலையில் மகள் இஃப்ராவை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டு அவள் ரயிலைப் பிடிப்பாள். மத்தியானம் அந்தப் பிள்ளையை வேனிலிருந்து இறக்கிக்கொள்வது கீழ்ப் போர்ஷன் சரசு. சரசுவின் புருஷன் கேசவனுக்குக் குரோம்பேட்டையில் மோட்டார் காயில் கட்டும் கடை. இருவருக்கும் பிள்ளை இல்லை. ஒன்று உண்டாகி, எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்துபோனது. அது நடந்து வெகு காலமாயிற்று. அதைப் பற்றிச் சரசு ஒரே ஒரு முறைதான் ஷாயிஸ்தாவிடம் பேசியிருக்கிறாள். அன்றும், காய்ச்சலில் கிடந்த இஃப்ராவின் நெற்றியில் ஈரத்துணியைப் போட்டபடி, வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலத்தான் சொன்னாள்.

இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் மாசி மாதத்தில் சரசுவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மாடிப்படியில் பாதி ஏறி நின்றுவிடுவாள். இதயத்தில் வால்வு கெட்டுவிட்டது, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். கேசவன் அதிகம் பயப்படவில்லை. சுபகவச் ஹெல்த் என்ற இன்சூரன்ஸ் கம்பெனியில் இருவர் பேரிலும் பாலிசி எடுத்து, ஒரு வருஷம்கூடத் தவறாமல் கட்டிவந்திருந்தான். ஆஸ்பத்திரியில் சேர்த்து, கம்பெனியின் ஒப்புதலுக்காகக் காத்திருந்தார்கள். கம்பெனி முதலில் ஒரு காகிதம் கேட்டது. கொடுத்ததும் இன்னொன்று கேட்டது. பிறகு பழைய ஆஸ்பத்திரிச் சீட்டுகள் வேண்டும் என்றது. கடைசியில் முடியாது என்று ஒரு கடிதம் அனுப்பியது. கேசவன் கடையை ஈடு வைக்க ஆள் பார்க்க ஓடிய அன்று சரசு செத்துப்போனாள்.

காரியமெல்லாம் முடிந்தபின் கேசவன் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு மாடி ஏறி வந்தான். ஆங்கிலத்தில் இருந்தது. ஷாயிஸ்தா ஒரு முறை படித்துவிட்டுத் தமிழில் சொன்னாள்.

"அக்காவுக்கு முன்னாடியே சர்க்கரை இருந்துச்சாம்ணா. அதை மறைச்சு பாலிசி எடுத்துட்டாங்கன்னு போட்டிருக்கு."

கேசவனுக்கு அது விளங்கச் சற்று நேரம் ஆனது. ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று இளவயது டாக்டர் ஒருவர் சரசுவைக் கேள்வி மேல் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டார். எப்போதாவது சர்க்கரை இருந்ததா என்றும் கேட்டார். பிள்ளை வயிற்றில் இருந்தபோது கொஞ்சம் இருந்தது, அதற்கப்புறம் போய்விட்டது என்று சரசு மூச்சு வாங்கிக்கொண்டே பதில் சொன்னாள். இதைக் கேசவன் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறான். கம்பெனி பிடித்துக்கொண்டது அதைத்தான்.

"மறைக்கறவ இன்னாத்துக்கும்மா டாக்டராண்ட வாயத் தொறந்து சொல்லுவா?" என்றான் கேசவன். "துட்டு போவட்டும். அவளே போய்ட்டா. மறைச்சிட்டான்னு எழுதிக்கீறானே, அத்த அவன் வாபஸ் வாங்கணும்."

வக்கீல் வைத்து நுகர்வோர் மன்றத்தில் வழக்குப் போட்டான். வாய்தா மேல் வாய்தா ஆனது. கம்பெனியின் நுங்கம்பாக்கம் ஆபீசுக்குப் போனால் வரவேற்பில் இருக்கும் பெண் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுப்பாள். உள்ளேயிருந்து யாரும் வரமாட்டார்கள். ஒரு நாள் அங்கிருந்து திரும்பி வந்தவன் மாடிக்கு வந்து, நெட்டில் எழுதினால் நாலு பேர் பார்ப்பார்களாமே, அதற்கு எவ்வளவு செலவாகும் என்று கேட்டான். அதற்குச் செலவே இல்லை என்று ஷாயிஸ்தா சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அவன் சொல்லச் சொல்ல அவள் ஒரு நோட்டில் எழுதினாள். மொஹ்சின் டீ போட்டுக் கொண்டுவந்து வைப்பான். இஃப்ரா கேசவன் மடியில் படுத்துத் தூங்கிப்போவாள். அவன் தமிழில் சொன்னதை அவள் ஆங்கிலத்தில் போட்டாள். தமிழில் யாரும் தேடுவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். வசை எதுவும் வேண்டாம், நடந்ததை நடந்தபடி வைப்போம் என்றாள். மேலே சரசுவின் போட்டோ. கீழே, மறைக்கிறவள் ஏன் டாக்டரிடம் சொல்வாள் என்ற கேசவனின் கேள்வி. தலைப்பில் மட்டும் அவள் தன் தொழிலைக் காட்டினாள். புதிதாகப் பாலிசி எடுக்கப் போகிறவன் கம்பெனியின் பெயரோடு என்னென்ன வார்த்தை சேர்த்துத் தட்டுவான் என்று யோசித்து, அதை அப்படியே தலைப்பாக வைத்து, காசில்லாமல் பக்கம் போடவிடும் ஒரு தளத்தில் ஏற்றினாள்.

ஆடி மாதம் பிறந்தபோது சுபகவச் ஹெல்த் என்று கூகுளில் தட்டினால் முதலில் கம்பெனியின் சொந்தத் தளம் வந்தது. அதற்கு அடுத்து, இரண்டாவதாகச் சரசு வந்தாள்.

பக்கத்தின் அடியில் ஆட்கள் தங்கள் அனுபவத்தை எழுத ஆரம்பித்தார்கள். கோயம்புத்தூரிலிருந்து ஒருவர், விஜயவாடாவிலிருந்து ஒரு பெண், நாக்பூரில் மகனைப் பறிகொடுத்த ஒரு தகப்பன். பாலிசி எடுக்க இருந்தோம், இதைப் பார்த்து நிறுத்திவிட்டோம் என்று சிலர் எழுதினார்கள். கேசவன் கடையைச் சாத்திவிட்டு ஸ்டேஷன் ரோட்டிலிருந்த பிரவுசிங் சென்டரில் தினமும் உட்கார்ந்து அதைப் பார்த்துவிட்டு வருவான். அங்கே வேலை செய்த தீபா என்ற பெண் புதிதாக வந்ததையெல்லாம் அவனுக்குப் படித்துச் சொல்வாள். சரசு போனபின் அவன் ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தது அப்போதுதான். கம்பெனியிலிருந்து ஒருவன் போனில் பேசினான். பக்கத்தை எடுத்துவிட்டால் ஏதாவது பார்த்துச் செய்யலாம் என்றான். மறைத்தாள் என்பதை முதலில் அடித்து எழுதிக் கொடு என்று கேசவன் கேட்டான். அதற்கு வழியில்லை என்று அவன் போனை வைத்துவிட்டான்.

அந்த வருஷம் புரட்டாசியில் அமெரிக்காவின் வீட்டுக் கடன் கம்பெனிகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. முதல் பக்கத்தில் இருந்தது, பத்தாம் பக்கத்தில் இருந்தது என்ற பேதமில்லாமல் சாய்ந்தன. முடிச்சூர் ரோட்டுக்கு வரும் மின்னஞ்சல்கள் நின்றன. வெற்றிவேல் பதினோரு பேரையும் கூப்பிட்டு, தீபாவளி வரை பார்க்கலாம் என்றார். அவர் கூடுவாஞ்சேரிப் பக்கத்து ஆள். அப்பா காலத்து நஞ்சையை மனைக்கட்டுக்கு விற்ற பணத்தில் ஆரம்பித்த ஆபீஸ் அது. அதே வாரம் நாகல்கேணியில் மொஹ்சின் வேலை பார்த்த தோல் கம்பெனியும், ஏற்றுமதி ஆர்டர் இல்லை என்று கதவைச் சாத்தியது. வீட்டில் ஷாயிஸ்தாவின் சம்பளம் ஒன்றுதான் மிஞ்சியது.

தீபாவளிக்கு முந்தின வாரம் வெற்றிவேல் சிரித்த முகத்தோடு வந்தார். பெரிய உள்ளூர்க் கம்பெனி ஒன்று கிடைத்திருக்கிறது, ஒரு வருஷத்துக்குப் பேச்சு, இனி யாரும் பயப்பட வேண்டாம் என்றார். எல்லோரையும் தன் கம்ப்யூட்டர் முன்னால் நிறுத்தி, சுபகவச் ஹெல்த் என்று தட்டினார்.

"ரெண்டாவதா நிக்குது பாருங்க, இதுதான் வேலை. இதை முதல் பக்கத்துலேருந்து எறக்கணும். யாரோ தொழில் நல்லா தெரிஞ்ச ஆள் பண்ணியிருக்கான். ஷாயிஸ்தா, நீங்கதான் இதை எடுத்துச் செய்யணும்."

எல்லோரும் போனபின் ஷாயிஸ்தா அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அதை எழுதியது தான்தான் என்று சொல்லிவிட்டாள். சரசுவையும், இஃப்ராவையும், அந்தக் கடிதத்தையும் பற்றி ஒன்று விடாமல் சொன்னாள். வெற்றிவேல் கெட்டவர் இல்லை. கேட்டு முடித்ததும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, ரொம்பக் கொடுமை என்றார். உண்மையாகவே சொன்னார். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தபடி மெதுவாகக் கேட்டார்.

"அப்ப அதோட பாஸ்வேர்டு உங்ககிட்டதானே இருக்கு?"

அவள் இதை எதிர்பார்க்கவில்லை.

"நான் உங்களைக் கட்டாயப்படுத்தல. ஆனா நெனச்சுப் பாருங்க. நாம மாட்டேன்னா பெங்களூர்ல எவனாவது செய்வான். அந்தப் பக்கம் எப்படியும் நிக்காது. இங்க பதினோரு குடும்பம். மிச்சமிருந்த நெலத்தையும் அடமானம் வச்சுதான் போன மாசச் சம்பளம் போட்டேன். நீங்க ஒரு பட்டனத் தட்டுனா முடிஞ்சுது."

"அழிக்க மாட்டேன் சார்," என்றாள். அவர் கேட்காமலேயே அவள் வாயிலிருந்து அடுத்த வார்த்தை வந்தது. "கீழ எறக்கித் தரேன்."

ரயிலில் திரும்பும்போது அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அழித்தால்தான் பாவம். இறக்கினால் பக்கம் அங்கேயேதான் இருக்கும், தேடுகிறவன் தேடிக் கண்டுபிடித்துக்கொள்வான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். இரண்டாம் பக்கத்துக்கு எவ்வளவு சொற்பப் பேர் போகிறார்கள் என்பதை மாதாமாதம் அட்டவணை போட்டு வாடிக்கையாளர்களுக்கு அனுப்பியவளே அவள்தான். இருந்தும் குரோம்பேட்டை வந்து இறங்கும்வரை அந்தச் சமாதானத்தை அவள் கையை விட்டு நழுவவிடவில்லை. மொஹ்சினிடம் சொன்னாள். கேசவன் அண்ணனுக்குத் தெரிய வேண்டாம் என்று மட்டும் அவன் சொன்னான்.

ஒரு பக்கத்தை இறக்க வேண்டுமென்றால் அதைத் தொடவே வேண்டாம். அதற்கு மேலே நிற்கும்படி வேறு பக்கங்களை ஏற்றினால் போதும். முதல் சில வாரங்கள் ஷாயிஸ்தா வேண்டுமென்றே ஏனோதானோவென்று செய்தாள். சரசு அசையவில்லை. சுபகவச் ஆட்கள் வெற்றிவேலை அழைத்து, முதல் தவணையோடு நிறுத்திக்கொள்ளப் போவதாக மிரட்டினார்கள். அவர் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆபீசில் புதிதாகக் கல்யாணம் ஆகியிருந்த ஏசுபாதத்தை மட்டும் கூப்பிட்டு, அடுத்த மாதத்திலிருந்து வரவேண்டாம் என்று சொன்னார். ஏசுபாதம் தன் மேசையிலிருந்த தண்ணீர் பாட்டிலையும் சாப்பாட்டுப் பையையும் எடுத்துக்கொண்டு எல்லோரிடமும் கைகுலுக்கிவிட்டுப் போனான். ஷாயிஸ்தாவிடம் வந்து, அக்கா, எங்காவது இடம் இருந்தால் சொல்லுங்கள் என்றான்.

மறுநாளிலிருந்து அவள் ஒழுங்காக வேலை செய்தாள்.

இதயத்தைப் பாதுகாப்பது எப்படி என்று ஒரு தளம் கட்டினாள். சுபகவச் நடத்திய ரத்ததான முகாமைப் பற்றிச் செய்திகள் எழுதி அங்கங்கே போட வைத்தாள். இருந்தும் சரசு நாலாவது, ஐந்தாவது இடத்துக்குக் கீழே போகவில்லை. மனிதர்கள் அந்தப் பக்கத்தில் நின்று படித்தார்கள், மற்றவருக்கு அனுப்பினார்கள். அதை வெல்ல அதே மாதிரி ஒன்றுதான் வேண்டும் என்று அவளுக்குப் புரிந்தது. பாலிசியால் பிழைத்த ஒருத்தியின் கதை.

கம்பெனியிடம் அப்படி ஒருவரின் பெயரைக் கேட்டாள். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது.

வேலூரில் பத்மாவதி என்று ஒருத்தியை அவள் உண்டாக்கினாள். வால்வு கெட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தவள். டாக்டர் கேட்டபோது பழைய சர்க்கரையை மறைக்காமல் சொன்னவள். அன்று சாயங்காலமே கம்பெனி ஒப்புதல் அனுப்பிவிட்டது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவள் மெல்ல மெல்ல நடமாட ஆரம்பிக்கிறாள். எழுதிக்கொண்டே போனபோது ஷாயிஸ்தாவின் கை தானாக ஓடியது. பத்மாவதி அரிசி களைந்த தண்ணீரைக் கருவேப்பிலைச் செடிக்கு ஊற்றினாள். மாடி வீட்டுக் குழந்தை டிபன் பாக்ஸில் மிச்சம் வைத்ததைத் திட்டிக்கொண்டே ஊட்டிவிட்டாள். டிவியில் செய்தி வாசிக்கிறவர் வணக்கம் சொன்னால், பதிலுக்கு இங்கிருந்து வணக்கம் சொன்னாள். புருஷன் சிரித்தால், மரியாதை தெரியாத மனுஷன் என்று கோபித்துக்கொண்டாள்.

முடித்தபின் படித்துப் பார்த்தாள். அது சரசு. உயிரோடு இருந்தாள். படிக்கட்டில் நிற்காமல் ஏறி வந்தாள். ஷாயிஸ்தா பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். திரும்பி வந்து கதையிலிருந்து செடியை எடுத்தாள், செய்தி வாசிப்பவரை எடுத்தாள். எடுத்துவிட்டால் கதையில் உயிரில்லை. மறுபடி எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பிவிட்டாள்.

அவள் எழுதியதிலேயே அதுதான் வேகமாக ஏறியது. படித்தவர்கள் பத்மாவதிக்கு நல்வாழ்த்துச் சொன்னார்கள். தை பிறந்ததும் அது இரண்டாவது இடத்துக்கு வந்து நின்றது. சரசு அடுத்த பக்கத்துக்குப் போனாள். மாசியில், அவள் திதி வந்த வாரத்தில், நாலாம் பக்கத்தில் இருந்தாள்.

கேசவன் அதற்கு முன்பே ஒரு முறை மாடிக்கு வந்து, பக்கம் ஏன் கீழே போகிறது என்று கேட்டான். கூகுள் அப்படித்தான், ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கும் என்று ஷாயிஸ்தா சொன்னாள். திரும்ப ஏற்ற என்ன செய்யவேண்டும் என்று கேட்டான். பார்க்கிறேன் என்றாள். அவன் நம்பிக்கொண்டு இறங்கிப்போனான். அதன் பிறகு அவன் குரல் கீழே கேட்டால் அவள் படியிறங்கக் கொஞ்சம் காத்திருப்பாள்.

திதி முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் வந்தான். மொஹ்சின் இஃப்ராவை அழைத்துக்கொண்டு கறி வாங்கப் போயிருந்தான். கேசவன் உள்ளே வரவில்லை, வாசற்படியிலேயே நின்றான். கையில் பிரவுசிங் சென்டரில் எடுத்த பிரிண்ட் இருந்தது.

"தீபாப் பொண்ணு படிச்சிச் சொன்னுச்சு," என்றான். "வேலூர்ல ஒரு அம்மாவாம். நம்ம சரசுவாட்டமே கீது. வணக்கம் சொல்ற வரைக்கும்."

பிரிண்டை விரித்து அவளிடம் காட்டினான்.

"இது நீ எழுதுனதாம்மா?"

இல்லை என்று சொல்லிவிடலாம் என்று ஷாயிஸ்தாவுக்கு ஒரு கணம் தோன்றியது. அவன் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. ஆமாம் என்று தலையசைத்தாள். ஆபீசில் வந்த வேலை அது என்றாள். மொஹ்சினுக்கு வேலை போனதையும், ஏசுபாதத்தை அனுப்பியதையும் சொல்ல ஆரம்பித்தாள். சொல்லச் சொல்ல அவை எவ்வளவு சின்னதாக இருக்கின்றன என்று அவளுக்கே கேட்டது. பாதியில் நிறுத்திவிட்டாள்.

கேசவன் கத்தவில்லை. பிரிண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"நல்லாத்தான் எழுதிக்கீற," என்றான். "அவ வூட்டுக்கு வந்து செடிக்குத் தண்ணி ஊத்தறா பாரு, அந்த எடத்துல நா அழுதுட்டேன். அந்தப் பொண்ணு பயந்துடுச்சு." இறங்கப் போனவன் திரும்பினான். "ஒண்ணே ஒண்ணு. அதுல அவ மறைக்கலன்னு எழுதிக்கீற. அத்த வேற எவ பேர்லயோ எழுதிட்டியேம்மா."

அவ்வளவுதான் சொன்னான். கீழே இறங்கிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். மத்தியானம் இஃப்ரா வழக்கம்போல அங்கே ஓடியபோது கதவைத் திறந்து உட்கார வைத்து, டிவி போட்டுவிட்டான். பிள்ளையிடம் எந்த மாற்றமும் காட்டவில்லை. ஷாயிஸ்தாவுக்கு அது இன்னும் தாங்கமுடியாமல் இருந்தது.

பங்குனியில் சுபகவச்சிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. எதிர்பார்த்ததற்கு மேலாகவே வேலை முடிந்துவிட்டது, மிக்க நன்றி, இனி தேவைப்பட்டால் கூப்பிடுகிறோம் என்றார்கள். ஒரு வருஷப் பேச்சு அரை வருஷத்தில் முடிந்தது. வெற்றிவேல் நுங்கம்பாக்கத்துக்கு நடையாய் நடந்தார். அவரையும் அந்த வரவேற்புப் பெண் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். சித்திரையில் ஆபீசைக் காலிசெய்தார். கம்ப்யூட்டர்களை ரிச்சி தெருவிலிருந்து வந்த பழைய கம்ப்யூட்டர் வியாபாரி மொத்தமாக எடுத்துக்கொண்டு போனான். கடைசி நாளன்று வெற்றிவேல் படியில் உட்கார்ந்து, நீங்கள் அன்றைக்கே மாட்டேன் என்று சொல்லியிருந்தால் இதைக் கொஞ்சம் முன்னாடி மூடியிருப்பேன், வேறொன்றும் ஆகியிருக்காது என்றார். குற்றம் சொல்வது போலவும் இல்லை, ஆறுதல் போலவும் இல்லை.

அதற்குப் பிறகு ஷாயிஸ்தா பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து சரசுவின் பக்கத்தை மேலே கொண்டுவரப் பார்த்தாள். தனக்குத் தெரிந்த எல்லா வழியிலும் பார்த்தாள். பக்கத்தில் புதிதாக எழுதினாள், தலைப்பை மாற்றினாள், வேறு தளங்களிலிருந்து அதற்கு இணைப்புக் கொடுத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. மேலே நின்றவை எல்லாம் அவள் கையால் கெட்டியாகக் கட்டியவை. அவற்றின் பாஸ்வேர்டு இப்போது கம்பெனியிடம் இருந்தது. சரசுவின் பக்கத்தின் அடியில் ஆட்கள் எழுதுவது நின்று பல மாதங்களாகியிருந்தன. நாக்பூர்த் தகப்பனின் கடைசி வரி அப்படியே நின்றது.

இதைச் சொல்லலாம் என்று கீழே போனபோது கேசவன் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தான். ஊரப்பாக்கத்தில் வாடகை குறைவு, தங்கச்சி வீடும் பக்கம் என்றான். கடையை விற்றுவிட்டு அங்கே ஒரு பம்ப்செட் கடையில் வேலைக்குப் போகிறானாம். வழக்கு என்ன ஆயிற்று என்று அவள் கேட்டாள். வக்கீலுக்குப் பணம் கொடுக்க முடியவில்லை, விட்டாயிற்று என்றான். அவள் தன் முயற்சியைப் பற்றிச் சொன்னதை முழுக்கக் கேட்டான்.

"வேணாம்மா. வுட்டுடு," என்றான். "மேல போனாலும் எவனாவது எறக்குவான். அவள ஏன் ஏத்தி எறக்கிகினு."

வண்டி வந்தபோது இஃப்ரா அழுதாள். கேசவன் அவளைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு மொஹ்சின் கையில் கொடுத்தான். ஷாயிஸ்தாவைப் பார்த்து, வரேம்மா என்றான். விலாசம் கொடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

மொஹ்சினுக்குப் பல்லாவரத்தில் ஒரு செருப்புக் கடையில் விற்பனை வேலை கிடைத்தது. அவள் பெருங்குடியில் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். அங்கும் இதே தொழில்தான். கிரெடிட் கார்டு, தனிநபர் கடன், ஒரு சீட்டு நிறுவனம். இப்போது அவள், கம்பெனிக்காரன் கொடுத்த வார்த்தைகளை மட்டும் எழுதினாள். கஷ்டத்தில் இருக்கிறவன் எப்படிக் கேட்பான் என்று யோசிப்பதை விட்டுவிட்டாள்.

ஆவணியில் ஒரு நாள், பத்மாவதிக்காக அவள் முன்பு உண்டாக்கிய மின்னஞ்சல் முகவரிக்கு ஒரு கடிதம் வந்தது. அதை மூட மறந்திருந்தாள். செங்கல்பட்டிலிருந்து தனக்கோடி என்ற பெண் எழுதியிருந்தாள்.

பத்மாவதி அம்மாவின் அனுபவத்தைப் படித்துத்தான் தன் தாய்க்கு இந்தப் பாலிசியை எடுத்தாளாம். இப்போது தாய்க்கு வால்வு ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. கம்பெனி ஒவ்வொரு காகிதமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. உங்களுக்கு அன்று சாயங்காலமே ஒப்புதல் வந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள், யாரைப் பார்த்தீர்கள், அவர் நம்பர் இருந்தால் தயவுசெய்து கொடுங்கள் என்று கேட்டிருந்தாள்.

ஷாயிஸ்தா உடனே பதில் எழுதினாள். பத்மாவதி என்று யாரும் இல்லை, நான்தான் எழுதினேன், கம்பெனியை நம்பிக் காத்திருக்காதீர்கள், உடனே அரசு ஆஸ்பத்திரிக்கு மாற்றுங்கள் என்று எழுதி, சரசுவின் பக்கத்தையும் சேர்த்து அனுப்பினாள். அனுப்பிவிட்டுத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள்.

பதில் வந்தது. ஒரே வரி.

"அம்மா காலையில தவறிட்டாங்க மேடம்."